கிழங்கப்பன் கல்யாணம்

எங்கள் மதத்தில் மூன்று தெய்வங்கள். மூன்றையும் நான்தான் உண்டாக்கினேன் என்று சொன்னால் மற்ற இருவரும் இந்த வயதிலும் சண்டைக்கு வருவார்கள். ஆகையால் கிழங்கப்பனை மட்டும் நான் உண்டாக்கினேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். காஜா பேராங்கில் ஒரு கிணற்றைச் சுற்றி இருந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் குடியேறிவிட்டார்கள், எங்களுக்குப் பொழுது முழுக்க விடுமுறை. அப்பா புக்கிட் ரம்பாய்ப் பக்கம் தங்கி மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் ஒரு சாக்குக் கிழங்கோடு வருவார். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று அதே கிழங்கைத் துருவிச் சுட்ட அடை. எங்களுக்குப் போட்டுவிட்டு அம்மா, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சட்டி கழுவப் போய்விடுவாள்.

என் தங்கைக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கும் கிழங்குக்கும் ஆகவே ஆகாது. வாயில் வைத்ததும் மூஞ்சியைச் சுளிப்பாள், கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கோழிக்குத் துப்பிவிடுவாள். கோழி கொழுத்தது, இவள் குச்சியானாள். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் எனக்கு எரிச்சல் தலைக்கேறி, "துப்பாதடி! மண்ணுக்குள்ள கிழங்கப்பன் பாத்துக்கிட்டிருக்காரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன்.

மென்று கொண்டிருந்த வாய் நின்றது. "அது யாரு?"

அவ்வளவுதான், எனக்கு அருள் வந்துவிட்டது. கிழங்கப்பன் மண்ணுக்கு அடியில் படுத்திருக்கிற தடியான சாமி. கறுத்த தோல், வெள்ளை மனசு. முகம் காட்டமாட்டார். சாப்பிடும் முன் தரையைத் தட்டி, "அப்பா, மேல வா" என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவார். அவரைச் சாப்பிடும்போது முகத்தைச் சுளித்தால் அவருக்கு அழுகை வரும். அவருடைய அடியார்களுக்கு மண்ணடியார் என்று பெயர். சேர விருப்பமா? தங்கை தரையைத் தட்டினாள், கூப்பிட்டாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒரு துண்டு முழுவதையும் விழுங்கினாள். நான் அசந்து போனேன்.

நல்ல காரியம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? அங்கே என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டுக் கூரையில் ஓட்டைகள் அதிகம், ஆகையால் அவன் ஒழுகல் சாமியைக் கண்டுபிடித்தான். மழை பெய்தால் ஒழுகலடியார் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சொட்டுச் சத்தத்துக்கு ஏற்றபடி பாடவேண்டும். அவன் குரலுக்கு அந்தச் சாமியே வேறு கூரை தேடிப் போயிருக்கும். கம்போங் செட்டிப் பக்கமிருந்து தண்ணீர் எடுக்க வரும் என் தோழியும் சும்மா இருக்கவில்லை. அவள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டிக் குடும்பத்துப் பெண். வீட்டில் மலாய்தான் பேச்சு, சாமி மட்டும் எங்கள் சாமி. அவள் உப்பு கிடைக்காத அந்தக் காலத்துக்கென்றே உப்பாயியைக் கொண்டுவந்தாள். உப்படியாருக்கு ஒரே சட்டம்: அழக்கூடாது. கண்ணீரில் இருப்பது உப்பாயியின் சொத்து, அதை வீணாக்கலாமா?

மூன்று கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு சட்டமும் செய்தோம். சாலை முனையில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து குனிந்து எங்கள் முதுகு வளைந்து போயிருந்தது. அதனால் எங்கள் சாமிகளுக்கு யாரும் குனியக் கூடாது, நிமிர்ந்து மோவாயைத் தூக்கித்தான் கும்பிட வேண்டும் என்று வைத்தோம். அந்தச் சட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

சண்டை வராமலும் இல்லை. என் தோழி ஒரு கல் உப்பைக் காட்டி என் தங்கையைத் தன் கூட்டத்துக்கு இழுக்கப் பார்த்தாள். எனக்குப் பொறுக்குமா? கிணற்றடியில் எல்லோரையும் நிறுத்தி, "மண்ணடியாரா இருக்கிறவங்க வேற சாமி குடுக்கிற எதையும் தொடக்கூடாது. தொட்டா கிழங்கப்பன் மண்ணுக்குள்ளயே போயிடுவாரு, திரும்ப வரவே மாட்டாரு" என்று சத்தியம் வாங்கினேன். தங்கை மோவாயைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். எங்களில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடும், மறுபடி வரும். ஒருவழியாக விட்டபோது பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள். பார்க்க வந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அம்மாவிடம், "கெழங்கு மட்டும் குடுத்தா தேறாதும்மா. எப்படியாச்சும் கொஞ்சம் அரிசி பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பெட்டியைத் திறந்து தன் கூறைப்புடவையை எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிர் பக்கம் போனாள். வரும்போது முந்தானையில் அரிசி இருந்தது.

சோறு கொதிக்கிற வாசனை! கிணற்றடி முழுக்க மணத்தது. பக்கத்து வீட்டுப் பையன் வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். அம்மா குழையக் குழையப் பிசைந்து தங்கையின் வாயருகே கொண்டு போனாள். தங்கை உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சோறு வேற சாமி" என்றாள். "நான் தொடமாட்டேன். அப்பன் போயிடுவாரு."

அம்மா கொஞ்சினாள், அதட்டினாள். தங்கை மூஞ்சியையும் சுளிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. சாமியெல்லாம் சும்மா சொன்னதுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மதத்தைவிட்டே தள்ளப்பட்டேன். அம்மா அகப்பையோடு என் பக்கம் திரும்பினாள். "நீ கட்டி விட்ட சாமிதான? நீயே அவுத்து விடு. இந்தச் சோறு அவ வயித்துக்குள்ள போகலேன்னா உன்னை என்ன பண்றேன் பாரு."

அடிக்கு நான் பயப்படவில்லை, தங்கை பிழைக்கமாட்டாளோ என்றுதான் பயந்தேன். கிணற்றடியில் மூன்று கூட்டத்தின் தலைவர்களும் கூடினோம். ஒழுகலடியார் தலைவன், மழை வரும்வரை காத்திருக்கலாம் என்றான். உருப்படாத யோசனை. என் தோழி கொஞ்ச நேரம் குடத்தைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "காஸி காவின் லா" என்றாள். கல்யாணம் பண்ணி வைத்துவிடு, வேறென்ன!

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கிழங்கப்பனுக்கும் சோற்றாயிக்கும் கல்யாணம்! கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் எழுந்தால் மாப்பிள்ளைக்கல்லவா அவமானம்? தங்கையிடம் போய்ச் சொன்னோம். அவள் நெடுநேரம் யோசித்தாள். "அப்பனுக்குச் சம்மதமா?" என்று தரையைத் தட்டிக் கேட்டாள். என்ன பதில் வந்ததோ, தலையை ஆட்டினாள்.

என் தோழிக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் கல்யாணச் சடங்கில் எங்களைவிடக் கறார். மஞ்சள் தடவிய நூல் இல்லாமல் முடியாது என்று வீட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். இருந்ததிலேயே பெரிய கிழங்குக்குத் துண்டு கட்டினோம். சோற்றுப் பானைக்குக் குங்குமம் வைத்தோம். ஒழுகலடியார் தலைவன் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி மேளம் வாசித்தான், முன்னால் கோழி ஓட, கிணற்றைச் சுற்றி ஊர்வலம் வந்தோம். தங்கையை நான் இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன். பானைக் கழுத்தில் நூலைக் கட்டியவள் அவள்தான். அம்மா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

பந்தி போட்டோம். வாழையிலையில் சோறு விழுந்தது. தங்கை கையை வைக்கப் போனாள், நிறுத்தினாள்.

"பொண்ணுக்கு அம்மா யாரு?" என்று கேட்டாள்.

சோறு வடித்தவள் யார்? என் தோழி எங்கள் அம்மாவைக் காட்டினாள்.

"அப்ப அம்மாவும் எலையில உக்காரணும்."

"நீ சாப்பிடுடா கண்ணு. நான் அப்பவே சாப்பிட்டேன்" என்றாள் அம்மா.

தங்கை அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "கல்யாணம் இப்பதான நடந்துச்சு? அப்பவே எப்படி சாப்பிட்ட?"

டின் மேளம் நின்றது. மறுபடி வாயைப் பொத்திய அம்மாவின் கையில் வளையல் முழங்கைவரை நழுவிக் கிடந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். அம்மா மெல்லத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இன்னோர் இலையைப் போட்டேன். தங்கை தன் இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் வைத்துவிட்டு, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முதல் கவளத்தை விழுங்கிய பிறகுதான் தன் வாயைத் திறந்தாள்.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. உப்பாயியின் சொத்து வீணாகிறதே என்று என் தோழி தன் பாவாடை நுனியால் அவசரம் அவசரமாக அதைத் துடைத்துவிட்டாள். அம்மா சிரித்தபடியே மென்றாள். வெகு நாள் கழித்து, அம்மா சாப்பிடுவதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.