இன்ஸ்பெக்டருக்கு மட்டன் ரோல்ஸ்

பிரெஞ்சு அரசாங்கம் எங்கள் அலுவலகத்தின் மானியத்தை வெட்டியபோது, அரசாங்கத்தை நான் ஊரெல்லாம் திட்டித் திரிந்தேன். உண்மையில் வெட்டுக்கு வசதியாகக் கழுத்தை நீட்டிக் கொடுத்தவன் நானேதான். நீட்டுவதற்கு முன் பவுடரும் பூசியிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் சனம் கூடும் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்கம் இருந்தது. ஒரே அறை. ஊரிலிருந்து வந்து இறங்கிய சனத்துக்குப் பத்திரம் நிரப்புவதும், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் மொழிபெயர்ப்பதும் எங்கள் வேலை. அரசாங்க மானியத்தில் சம்பளம் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான்: செயலாளர், படித்தவன், டை கட்டுபவன். மற்றவர் மன்னாரைச் சேர்ந்த ரெஜினா. பிள்ளைத்தாச்சிப் பெண்களோடு பிரசவ வார்டுக்குப் போவது அவள் பொறுப்பு. டாக்டர் பிரெஞ்சில் முக்கச் சொன்னால் அதைத் தமிழில் சொல்வாள். அந்தப் பெண் தமிழில் டாக்டரின் பரம்பரையைத் திட்டினால், பிரெஞ்சில் "நன்றி" என்பாள்.

அந்த வருடம் மேலிடத்தில் செலவைக் குறைக்கப் புறப்பட்டார்கள். மந்திரியின் மேசையில் கிழித்த கோடு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக இறங்கி, கடைசியில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தது. சின்னச் சங்கங்களை நேரில் பார்த்து எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல ஒரு இன்ஸ்பெக்டர் வருவார் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னால் எங்கள் இருவரின் வேலையும் போகும். அடுத்த மாதம் பிரசவத்துக்கு இருந்த யோகா, "போ"வும் "வா"வும் தெரியாத மொழியில் தனியாகப் பிள்ளை பெற வேண்டும். அவள் புருஷனுக்குப் பிரெஞ்சில் தெரிந்ததெல்லாம் கோப்பை கழுவும் இடத்தில் முதலாளி திட்டும் சொற்கள்தான்.

"வாறவர் வரட்டும். உள்ளதைப் பாக்கட்டும்," என்றாள் ரெஜினா.

"உனக்கென்ன விசரே? ஒரு பெரிய மனுசன் வரேக்கை இந்தச் சனச் சந்தையையே காட்டுறது?" என்றேன்.

விருந்து

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு ஆள் வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே ஒளித்துவிட்டு, அயல்வீட்டுக் கதிரையை இரவல் வாங்கிப் போடுவோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், கடன்காரன் வாசலில் நின்றாலும் ஒரு குறையுமில்லை என்போம். இந்தப் பழக்கத்தைக் கசங்காமல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் நானும் ஒருவன்.

மற்ற நாட்களில் சனம் மாடிப்படியைத் தாண்டித் தெருவரை நிற்கும். அன்று காலை வந்த அத்தனை பேரையும் கீழே கடையின் களஞ்சிய அறைக்குள் அனுப்பினேன். யோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள்.

கடைக்காரக் கந்தசாமி அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "எட தம்பி, எனக்கு இஞ்சை வியாபாரம் இருக்கடாப்பா. இவையளை எவ்வளவு நேரம் பதுக்கி வைக்கிறது?"

"கொஞ்ச நேரம் அண்ணை. சத்தம் போடாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

மேலே அறை பளபளத்தது. மேசை விரிப்பு, பூச்சாடி, மட்டன் ரோல்ஸ், வடை, கேக். இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர், கூச்சமாகத்தான் முதல் ரோலை எடுத்தார். பிறகு கூச்சம் போய்விட்டது. கஷ்டங்கள் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒரு குறையுமில்லை என்றேன். கீழே குழந்தை ஒன்று வீறிட்டது. கடைக்கு வந்தவர்கள் என்றேன். ரெஜினா என்னைப் பார்த்த பார்வையில் ரோல்ஸ் திரும்பவும் பொரிந்திருக்கும்.

சில நாள் கழித்து இன்ஸ்பெக்டரே தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் மக்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். உதவிக்கு அங்கே ஒருவரும் காத்திருக்கவில்லை. இப்படி ஒரு சங்கத்தை நான் பார்த்ததேயில்லை," என்றார்.

பாராட்டு என்று நினைத்து நன்றியோடு "மெர்சி" சொன்னேன். அதற்குப் பிறகுதான், ஆகவே மானியம் தேவைப்படாது என்று முடித்தார்.

வாயைத் திறக்காதேங்கோ

ரெஜினா திட்டவில்லை. கோட்டை எடுத்துப் போட்டாள். "நான் யோகாவைக் கூட்டிக்கொண்டு அவரின்ரை ஒப்பீசுக்குப் போறன். நீங்களும் வாறதெண்டா வாங்கோ. ஆனா அங்கை வாயைத் திறக்காதேங்கோ அண்ணை. அண்டைக்கு நீங்கள் திறந்ததே போதும்."

இன்ஸ்பெக்டர் எங்களைக் கண்டதும் மகிழ்ந்து கைகொடுத்தார். ரெஜினா, யோகாவை அவருக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அவர் யோகாவிடம் எத்தனையாவது மாதம் என்று கேட்டார். யோகா தமிழில் ஏதோ சொன்னாள். அவர் இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகக் கேட்டார். யோகா எழும்பி நின்று சொன்னாள். அவர் தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பூசணிக்காய் வரைந்து காட்டினார். யோகா தலையை வேகமாக ஆட்டி, கதவைக் காட்டி, கண் கலங்கிவிட்டாள். அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

"தயவுசெய்து இவர் என்ன சொல்கிறார் என்று சொல்லுங்கள், மதாம்!"

"எனக்கு இப்போது அந்த வேலை இல்லையே, மிசியூ," என்றாள் ரெஜினா, சுத்தமான பிரெஞ்சில்.

யோகா என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோவன். எனக்குக் கக்கூசுக்குப் போகவேணும். வந்ததிலையிருந்து உந்த மனுசனிட்டை அதைத்தானே கேக்கிறன்!"

சொல்லியிருப்பேன். வாயைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. ரெஜினா ஒரு மூச்சு விட்டுவிட்டு அதை மொழிபெயர்த்தாள். இன்ஸ்பெக்டர் சிவந்துபோய், தானே கதவைத் திறந்து யோகாவுக்கு வழிகாட்டினார். திரும்பி வந்து, மூடி வைத்திருந்த எங்கள் கோப்பைத் திரும்பவும் திறந்தார்.

மானியத்தில் பாதி திரும்பி வந்தது. பாதி என்றால் ஒரு சம்பளம். இருவரில் யாருக்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. அடுத்த மாதம் யோகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ரெஜினா பக்கத்தில் நின்றாள். நான் நகருக்கு வெளியே கூசேன்வில்லில் ஒரு அறை எடுத்து, விமான நிலையத்தில் தரை துடைக்கப் போய்விட்டேன்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கத்தரிக்கோலோடு வருகிறவர் விருந்தாளி இல்லை. அவருக்கு வீட்டின் கிழிசலைக் காட்டுங்கள். கூச்சம் வந்தால் அதைச் சுருட்டிக் களஞ்சிய அறைக்குள் வையுங்கள், சனத்தை வைக்காதீர்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு மெத்ரோ ரயிலில் ரெஜினாவைக் கண்டேன். நான் இல்லாமல் அலுவலகம் தடுமாறுகிறதா என்று கவலையோடு விசாரித்தேன்.

"சீ, நல்லாப் போகுது அண்ணை," என்றாள். "உங்கடை மேசையைத் தூக்கினாப்பிறகு இன்னும் நாலு பேர் உள்ளுக்கை இருக்கினம்."