வடக்கத்தி அம்மாவும் ஸ்டோர் கதவும்

ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். கல் சுவர், தகரக் கூரை, ஒரே கதவு. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டால், காய் வேர்த்து அடங்குகிறவரை திறக்கக் கூடாது. நடுவில் திறந்தால் நிறம் போய்விடும். போடி ஏலத்தில் என் காயைக் கையில் அள்ளுகிற வியாபாரி இது யார் காய் என்று கேட்பதில்லை. பச்சையைப் பார்த்தே தெரிந்துகொள்வான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு மார்கழியில் என் மகன் ஒரு வடக்கத்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் வேலை பார்க்கிற ஊரில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். முந்தின குளிர்காலத்தில் அவன் நெஞ்சில் சளி கட்டி எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, கஞ்சி ஊற்றி, மருந்து கொடுத்து, கால் தேய்த்துவிட்டுப் பிழைக்க வைத்தவர் அவர். எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது.

ஜீப்பை விட்டு இறங்கியதுமே மகன் சொன்னான்: "ஆத்தா, இவுக இல்லேன்னா நான் இல்ல. வந்தபடியே நல்லபடியாத் திருப்பி அனுப்பணும்."

"நான் என்ன புலிக்கா தூக்கிப் போடப்போறேன்? போடா."

அவர் கனத்த சரீரம். நரைத்த தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லாய். அவ்வளவு குளிர் தேசத்துக்காரருக்கு நம் மலைக் குளிர் எம்மாத்திரம் என்று நினைத்திருந்தேன். சாயங்காலமே அவருக்குப் பல் கிட்டிக்கொண்டது. எங்கள் வீடு பலகையும் தகரமும். பனிமூட்டம், நாங்கள் மஞ்சு என்போம், அடுக்களைவரை வந்து போகும். அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கும், மெத்தை கனத்துக்குப் போர்வை இருக்கும் என்றான் மகன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் அவர் கையைப் பிடித்து ஸ்டோருக்குக் கூட்டிப்போனேன். தட்டுகள் காலியாக இருந்தன. என் தம்பிதான் அடுப்பு பார்க்கிறவன். அப்போதுதான் தீ மூட்டியிருந்தான். ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். அவர் குல்லாயைக் கழற்றிக்கொண்டு என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார்.

"அக்கா, விருந்தாளியக் காய வச்சுத்தான் ஊருக்கு அனுப்புவ போலருக்கு" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது.

அதற்குப் பிறகு அவருக்கு வழி தெரிந்துவிட்டது. சாப்பிட்டதும் குல்லாயை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, கடைசி அடுக்குக்குப் பின்னால் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வார். சூட்டில் அப்படியே கண்ணசந்துவிடுவார். முதல் இரண்டு நாளும் காய் ஏற்ற நேரமாகிவிட்டது. அதற்குள் அவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார், அதனால் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் மகன் கறி வாங்கப் போடிக்கு இறங்கியிருந்தான். முந்தின நாள் காய் மிச்சமிருந்ததால் மத்தியானமே ஏற்றினோம். காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டது என்று எனக்கு அன்று மனசும் சரியில்லை. கடைசித் தட்டு ஏறியதும், உள்ளே எட்டிப் பார்க்காமல் நானே கதவைச் சாத்தினேன். வெளித் தாழைப் போட்டு, சூடு போகாமல் இடுக்கில் சாக்கைத் திணித்தேன். திரும்பும்போது உள்ளே இரண்டு தரம் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. சூடேறும்போது தகரக் குழாய் அப்படித்தான் தட்டும். காய் கழுவுகிற மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. போய்விட்டேன்.

மகன் வந்ததும் கேட்டான்: "ஆத்தா, அவுக எங்க?"

"படுத்திருப்பாக."

கட்டில் காலியாக இருந்தது. வெளியே மஞ்சு இறங்கி ஆள் தெரியவில்லை. வீட்டுக்குக் கீழே இருபது அடியில் பள்ளம். மகன் கூப்பிட்டுக்கொண்டே பள்ளத்தில் இறங்கினான். காய் எடுக்க வந்த பெண்கள் வேலிப் பக்கம் ஓடினார்கள். அவன் குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்.

தம்பி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, எதுக்கும் ஸ்டோரத் தெறந்து பாப்பமா?"

"காயக் கெடுக்கப் பாக்கிறியா? நான்தான பூட்டுனேன். உள்ள ஆளிருந்தா எனக்குத் தெரியாதா?"

அவன் பள்ளத்துப் பக்கம் போனான்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. மஞ்சு கொஞ்சம் விலகியது. ஒரு பெண் கத்தினாள்: "ஆத்தா, அங்க பாருங்க, அந்தம்மா குல்லா!"

ஸ்டோர் வாசல் ஆணியில் சிவப்பாகத் தொங்கியது.

ஓடிப்போய்த் தாழை இழுத்தேன். வெளியே வந்த ஆவி முகத்தில் அறைந்தது. கதவுக்கு உள்ளேயே அவர் குப்புறக் கிடந்தார். கதவின் அடியில் கையகலக் காற்றோட்டை ஒன்று உண்டு. அதில் வாயை வைத்துக் கிடந்தார். புடவை தண்ணீரில் முக்கிய மாதிரி இருந்தது. உள்ளங்கை இரண்டும் கதவைத் தட்டித் தட்டிக் கன்றியிருந்தன.

மகனும் தம்பியுமாகத் தூக்கி வந்து பனியில் கிடத்தி, தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். கண் திறக்கிறவரை நான் வேண்டாத சாமி இல்லை. திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் அந்தக் கதவைப் பார்த்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏற்றுக் காய் முழுக்க வெளுத்துப்போனது. அதை யார் பார்த்தார்கள்.

ஜீப்பில் போடிக்கு இறக்கி ஆஸ்பத்திரியில் வைத்தோம். பிழைத்துக்கொண்டார். ஊருக்குப் போகும் நாளில் என்னைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். "உங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்லையாம், தெரியாம நடந்ததாம்" என்றான் மகன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தம்பி கேட்டதையும் நான் சொன்னதையும் எங்கள் இருவரைத் தவிர யாரும் அறியார். இப்போதுதான் சொல்கிறேன்.

ஒவ்வொரு மார்கழியிலும் மகன் போனில் பேசும்போது முதலில் அவரைப் பற்றித்தான் கேட்கிறேன்.

"ராவுல கதவச் சாத்துறாகளாடா?"

"இல்ல ஆத்தா. தெறந்தேதான் போட்டுருக்காக."

"அங்க குளிரு எப்படி?"

"வாளித் தண்ணி உறையுது."