அண்ணன் களைந்த பாஸ்தா

என் மதினி இன்பமேரி இத்தாலியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று, உப்பு எங்கே இருக்கிறது என்று தன் சொந்த அடுக்களையில் நின்றுகொண்டு என் அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் சூசையப்பன் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தான். நான் பக்கத்து வீட்டுக்காரி, போதாததற்கு நாத்தனார். இதை விட்டுவிடுவேனா? "புருசன் கையால உப்பு வாங்குத மகராசியப் பாருங்க" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். மதினி சிரித்தாள். ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை.

நானும் அவளும் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மதினி என்ற மரியாதையெல்லாம் நாலுபேர் முன்னால்தான். அவள் மகள் பின்சி சின்னப்பிள்ளையாக இருந்தபோது, இத்தாலியில் வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டிலேயே காலம் போய்விடக் கூடாது, மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் ஊரில் சொந்தமாக நாலு சுவர் எழுப்ப வேண்டும் என்று போனவள். நினைத்தபடியே வீடு எழும்பியது. பின்சியும் கோட்டயத்தில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். போன ஐப்பசியில் அந்த அம்மா இறந்துபோனதும் இவள் பெட்டியைக் கட்டினாள்.

இத்தனை வருடமும் அண்ணன் சும்மா இருக்கவில்லை, சமைக்கக் கற்றுக்கொண்டான். தேயிலை ஃபேக்டரிக்குப் போகுமுன் உலை வைத்து, சோறு வடித்து, குழம்பு கூட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்புவான். அவன் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்குக் கிண்ணத்தோடு போய் நின்றவள் நான், பொய் சொல்லக் கூடாது. அடுக்களையில் எந்தச் சாமான் எங்கே என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த புதிதில் மதினி குழம்பு வைத்தாள். கை அந்த ஊருக்குப் பழகிவிட்டதால் புளி கூடிப்போனது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, ஒரு கொதி விட்டு இறக்கிவிட்டான். நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்த வீட்டுல எனக்கு என்ன சோலி இருக்குட்டி, பவுலின்?" என்று துணி துவைக்கும்போது கேட்டாள். "பின்சிக்கு நான் வேண்டாம், அவ ஹாஸ்டல்ல இருக்கா. உங்க அண்ணனுக்கும் நான் வேண்டாம். அந்த ஊர்லயே இன்னொரு வீட்டுல கூப்புடுதாக. ஈஸ்டர் கழிஞ்சதும் வரணுமாம்."

நான் துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டேன். "அண்ணன் என்ன சொன்னான்?"

"உன் இஷ்டம்னாக."

எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணன் மட்டும் எதிரே இருந்திருந்தால் அடித்திருப்பேன். எங்கள் அப்பாவும் இப்படித்தான். "உன் இஷ்டம்" என்றால் எங்கள் குடும்பத்து ஆண்கள் பாஷையில் "போகாதே" என்று அர்த்தம். அதைக் கூடப் பிறந்தவர்கள் புரிந்துகொள்ளலாம், கட்டிக்கொண்டு வந்தவள் எப்படிப் புரிந்துகொள்வாள்? நான் எடுத்துச் சொன்னேன். "அவுக வாயால சொல்லட்டும்" என்றுவிட்டாள். அதுவும் நியாயம்தானே.

தவக்காலம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை எங்கள் யார் வீட்டிலும் மீனோ கறியோ கிடையாது. "இன்னைக்கு நான் சமைக்கேன். எனக்குத் தெரிஞ்சதத்தான் செய்வேன்" என்று மதினி அண்ணனை அடுக்களையிலிருந்து வெளியே அனுப்பினாள். கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்தெடுத்து, காந்தளூர்ப் பூண்டைத் தட்டிப் போட்டு, தக்காளியைக் கரையவிட்டு, வீட்டுக்குப் பின்னால் வளர்த்த திருநீற்றுப்பச்சையைக் கிள்ளிப் போட்டாள். பாஸ்தா தனியாக வெந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒலிவ எண்ணெய் பாட்டிலைத் திறந்ததும் அண்ணன் வாசற்படியில் வந்து நின்றுவிட்டான்.

"மேரி, இது சாமியார் வந்து சீக்காளிக்குப் பூசுத எண்ணெயல்லா?"

"அது மந்திரிச்சது. இது சாப்புடுதது."

"எதுக்கும் எனக்குக் கொஞ்சமா ஊத்து."

பாஸ்தாவை இறக்கியதும், பழக்க தோஷம், அவனே துணி பிடித்து வடிக்கப்போனான். "தண்ணியக் கொட்டிராதீக!" என்று மதினி அலறினாள். அண்ணனுக்கு மகா சந்தோஷம். "அங்கயும் கஞ்சித்தண்ணி குடிப்பாகளா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தம்ளரில் பிடித்து, உப்புப் போட்டு, ஒரே மடக்காகக் குடித்தான். பாஸ்தா வேகும்போதே கைநிறைய உப்புப் போட்டிருந்த விஷயம் அப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது. இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. "குடிக்க இல்ல, கத்தரிக்காயோட சேந்து கெட்டியாகறதுக்கு" என்று மதினி சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான். "அரைவேக்காடால்லா இருக்கு?"

"அதான் பதம். பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்படணும்."

"சோறு தட்டுப்பட்டா நம்ம அப்பா சட்டியத் தூக்கி எறிவாரு, இல்ல பவுலின்?" என்று என்னைத் துணைக்கு இழுத்தான். ஆனால் நாரத்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தட்டைக் காலி செய்தான். மதினி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் இப்படியே நடந்தது. ஒரு வாரம் பீன்ஸும் உருளைக்கிழங்கும், இன்னொரு வாரம் முட்டைக்கோஸ். அண்ணன் ஊறுகாயைக்கூட விட்டுவிட்டான். "நல்லாருக்கு" என்பான். அதற்குமேல் அவன் வாயில் ஒரு சொல் பெயராது.

ஈஸ்டருக்கு எட்டே நாள் இருக்கும்போது, குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள், விசாவுக்குப் போட்டோ எடுக்க வேண்டுமென்று மதினி மூணாறுக்குப் போனாள். எனக்கு மனசே சரியில்லை. கொல்லைப்புறம் வந்தவள், பைப்படியில் அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாத்திரத்தில் எதையோ போட்டு அலசிக்கொண்டிருந்தான். கிட்டப் போனால் பாஸ்தா! அரிசி களைகிற மாதிரி தண்ணீர் மாற்றி மாற்றிக் களைகிறான்.

"என்னண்ணே இது?"

"தூசி தும்பு இருக்கும்லா?"

இதைக் களைய வேண்டியதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. ஆம்பிளை முதல்தடவையாக ஒரு காரியத்தில் இறங்கும்போது குறுக்கே பேசக் கூடாது. களைந்ததைச் சோற்றுப்பானையில் போட்டு, பச்சைத்தண்ணீர் ஊற்றி, மூடி அடுப்பில் வைத்தான். குழையக் குழைய வேகவிட்டான்.

மதினி பஸ்ஸை விட்டிறங்கி வந்தாள். நானும் பின்னாலேயே போனேன், போகாமல் இருப்பேனா? பானையைத் திறந்தாள். உள்ளே களி. பக்கத்தில் ஒரு செம்பைத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தான்.

"தண்ணியக் கொட்டல, மேரி" என்றான் அண்ணன்.

அவள் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தாள். நசுக்குவதற்கு ஒன்றும் இல்லை. "பதம் போயிருச்சே."

"சோத்துக்குப் பதம் தெரியும் எனக்கு. இதுக்குத் தெரியல." அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்தான். "பதம் பாக்க நீ வேணும். போகாத."

எங்கள் வம்சத்தில் ஓர் ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடுகு தாளித்து, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டு, அந்தக் களியைக் கொட்டிக் கிளறினாள். மூன்று பேரும் உப்புமா மாதிரி தின்றோம். ருசி ஒன்றும் மோசமில்லை.

அண்ணன் அடிப்பிடித்த பானையைத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மதினி போனை எடுத்து அந்த இத்தாலிக்காரர்களிடம் அவர்கள் பாஷையில் கடகடவென்று பேசிவிட்டு வைத்தாள்.

"என்னட்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"வர முடியாதுன்னேன். இங்க எனக்குச் சோலி கெடக்குன்னு சொன்னேன்."