சுட்டுவிரலுக்கு ஒரு பள்ளம்

கிண்ணியாத் தச்சர் யூசுப்பின் சுட்டுவிரல் துறைமுக வேலையில் துண்டாகிவிட்டது. மரம் இழைக்கும் பழைய சீவுளி கையில் நிற்கவில்லை, தொழிலும் நின்றது.

அவருக்கெனப் புதிய சீவுளியொன்றை முதிரை மரத்தில் குடைந்தேன். பழைய அரத்தைத் தீட்டி அலகாக்கினேன். பழைய கருவியின் பிடியே புதியதற்கும் அளவு என்பது கருவி செய்யும் எங்கள் வழக்கம். அப்படியே செதுக்கிவிட்டேன்.

இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தார். விரல் பதியும் பள்ளம் வெறுமையாய்க் கிடந்தது.

"இல்லாத விரலுக்கும் இடம் வச்சிருக்கிறீங்க, ஐயா!" என்று சிரித்தார்.

"தாங்கோ யூசுப், அடைச்சுத் தாறன்."

"வேணாம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

பலகையில் ஒருமுறை சீவினார். சீவுளி வழுகியது. ஆயினும் திருப்பித் தரவில்லை.

ஆண்டவன் படைத்த கையைத் திருத்த என்னால் ஏலாது, பிடியைத் திருத்தலாம். அந்தப் பள்ளத்தை அடைக்கவா, விடவா? நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள்.