லண்டன் நடிகரின் முதுகு

லண்டன் தமிழ் மேடைகளில் முப்பது வருடம் ராஜா வேஷம் கட்டியவர், பிறகு ஆங்கிலப் படங்களில் குணச்சித்திர நடிகராகிவிட்டாராம். எசன் நகரில் எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு அவர்தான் பிரதம விருந்தினர். தன்னைப் புகழும் அறிமுக உரையையும் தானே எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு வரியும் விடாமல் வாசிக்கோணும், தம்பி," என்றார்.

அன்றைக்கு அறிவிப்பாளன் நான். நாலு பக்கத்தையும் வாசித்து முடித்தேன். வேஷம் போட்ட பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் பசியோடு காத்து நின்றார்கள்.

பிறகு அவர் நடித்த காட்சியைப் போட்டுக் காட்டினோம். ஒரு வெள்ளைக்காரருக்குக் கார்க் கதவைத் திறந்துவிடுகிறார். முகம் தெரியவேயில்லை, முதுகு மட்டும்தான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

வெட்கங்கெட்ட நானும் தட்டினேன். தட்டிவிட்டுப் போய், அந்த முதுகுக்குத்தான் பொன்னாடை போர்த்தினேன்.