எதிர்க்கடையின் முத்திரை

எதிர்க்கடையில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுக்குச் சட்டம் போட்டு, ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. கடையின் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து அரசாங்க முத்திரை குத்தியதற்கான தாள் அது. தொண்ணூறுகளின் நடுவில், திண்டிவனத்தில் என் காரக்கடையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அந்தக் கடைக்காரி வருடா வருடம் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அவளும் காரக்கடைதான். என்னைவிட நான்கு வயது சின்னவள், எனக்குப் பிறகு கடை போட்டவள். முறுக்கு என் கடையில்தான் நன்றாக இருக்கும். அவளே அதைச் சொல்வாள். ஆனால் என் கற்களில் முத்திரை கிடையாது. எடையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. முத்திரை குத்த விழுப்புரம் ஆபீசுக்குப் போனால் நம் பேர் அவர்கள் நோட்டில் ஏறிவிடும், ஏறினால் ஆயுசுக்கும் இறங்காது என்று எங்கள் தெருவே நம்பியது. ஆபீஸ் ஜீப் சோதனைக்கு வந்தால் தெருமுனைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார். அதைப் பார்த்து அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று வரிசையாக இறங்கும். நான் கற்களை மாவு டின்னுக்குள் புதைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். அவள் கடை மட்டும் திறந்திருக்கும். நிதானமாகப் பக்கோடா பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பாள்.

ஆபீசில் அவளுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லித் திரிந்தேன். யாரும் கேட்காதபோதும் சொன்னேன். ஒரு வருடம், கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்றிலிருந்து வாராவாரம் மிக்சர் வேண்டும் என்று வந்தார்கள். முதலில் என்னிடம்தான் வந்தார்கள். ருசி பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அதுவரை வாங்கிய கடையில் எடை குறைந்ததாம். அதனால் முத்திரைச் சான்றிதழின் நகல் வேண்டும் என்றார்கள். என்னிடம் இல்லை என்றேன். அப்படியே தெருவைக் கடந்து அவள் கடைக்குப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானமே மொட்டைக் கடுதாசி எழுதினேன். அவள் கடையின் பின்கதவோரம் உடைந்த அரைக்கிலோ கல் ஒன்று கிடக்கும். அதை வைத்துத்தான் எடையில் மோசடி செய்கிறாள் என்று இடது கையால் எழுதி, விழுப்புரத்துக்குத் தபாலில் போட்டேன்.

பத்து நாளில் ஆய்வாளர் வந்தார். ஜீப்பில் வரவில்லை, பஸ்ஸில் இறங்கி நடந்தே வந்ததால் தெருமுனைக்காரருக்கே தெரியவில்லை. நேராக அவள் கடையின் பின்கதவுக்குப் போய் அந்தக் கல்லை எடுத்தார். அவர் எடுத்ததும் கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொண்டது. முட்டுக் கொடுக்க வைத்திருந்த கல் அது. மற்ற கற்களைத் திருப்பி, அடியில் ஈயத்தில் குத்தியிருந்த முத்திரையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, தெருவைக் கடந்து என் கடைக்குள் நுழைந்தார். என் கற்கள் எல்லாம் மேசைமேல் இருந்தன. ஒன்றைத் திருப்பினார். கடையைப் பூட்டிவிடுவார்கள், பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“சார், இந்த அக்கா போன வாரமே என்கூட ஆபீசுக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்க சார். எனக்குத்தான் ஜுரம் வந்துடுச்சு. திங்கக்கெழம நானே கூட்டிக்கினு வர்றேன் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பொய்க்குத் தலையாட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எச்சரித்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவளோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். மடியில் கல் பை கனத்தது. ஆபீசில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நோட்டில் பேர் எழுதினார்கள், ஈயத்தில் ஒரு குத்து, அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் ஒளிந்தோம் என்று ஆத்திரம் வந்தது. அதுவும் அவள்மேல்தான் வந்தது.

இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. கடைக்கான உரிமத்தை என் மகன் கம்ப்யூட்டரிலேயே புதுப்பித்துவிடுகிறான். அவளுக்கு விழுப்புரத்தில் இன்னொரு கடை இருக்கிறது. போன மாதம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். பயமே இல்லாமல் அப்போது எப்படிக் கடையைத் திறந்து வைத்திருந்தாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

“யாருக்குப் பயமில்ல? ஜீப் சத்தம் கேட்டா எனக்குக் கையெல்லாம் நடுங்கும்க்கா. எத்தினி நாளுதான் நடுங்கிக்கினே இருக்கறது? அதான் நானே போயி நின்னுட்டேன்.”

வெற்றிலையைத் தட்டில் சரிசெய்துகொண்டே, குரலை மாற்றாமல் சொன்னாள்:

“அந்தக் கதவுகிட்ட இருந்த கல்லு, உங்க சீட்டுல இருந்து பாத்தா மட்டும்தான் தெரியும். ஆபீசர் நேரா அங்க போனப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. குடும்பத்தோட வந்துடுங்கக்கா.”

மாப்பிள்ளை எந்த ஊர் என்றுதான் எனக்குக் கேட்க வந்தது. ஊரைச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போய்விட்டாள். அவ்வளவு லேசாக அவள் நடந்து போனதைப் பார்த்தபோது, மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்றுதான் தோன்றியது.