இருபத்தொரு பெட்டி

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, பெயிண்டர் எண்ணிக்கொண்டிருக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. வலது கையில் பாட்டில். இடது கையில் ஒரு துண்டுச் சீட்டு, அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் அகல டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டிப் பத்திரப்படுத்தியது. சீட்டில் ஒரு எழுத்து, பாட்டிலில் ஒரு எழுத்து. மறுபடி சீட்டில் ஒன்று, பாட்டிலில் ஒன்று. பின்னால் இருமல் மருந்துக்கு நிற்கிறவர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்துவிட்டார். பெயிண்டர் நகர்கிற ஆளில்லை.

"இன்ஸ்பெக்டர் சார், இன்னிக்கு எத்தனை பேரை உள்ள தள்ளினீங்க?" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

"நாலு பேரைப் பிடிச்சேன். ரெண்டு பேரை விட்டாச்சு. இவன் மேல சந்தேகம் இருக்கு தங்கச்சி, அந்தப் பூதக்கண்ணாடியை எடு."

பிடிபட்டதெல்லாம் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சாமான். சோப்புத் தண்ணீர், ஷாம்பு, நுரைக்கிற நீலத் தண்ணீர், குளித்தபின் பூசுகிற பால். சில பாட்டிலில் விலைச் சீட்டைச் சரியாக அந்தப் பொடி எழுத்தின் மேலேயே ஒட்டிவைத்திருப்பார்கள். அதற்கும் பெயிண்டர் அசருவதில்லை. பையிலிருந்து பட்டி தேய்க்கிற தகட்டை எடுத்து, ஓரத்தில் நுழைத்து, காகிதம் கிழியாமல் உரித்துவிடுவார். இருபத்தாறு வருஷம் சுவர் சுரண்டின கை.

"அண்ணே! விலையை உரிச்சிட்டா நான் எதைப் பாத்து விக்கறது?"

"நீ விலையைப் பாரு, நான் விஷயத்தைப் பாக்கறேன். திரும்ப ஒட்டித் தரேன், கத்தாத."

ஒட்டியும் கொடுப்பார். கொஞ்சம் கோணலாக.

சீட்டில் இருப்பது ஒரே ஒரு சொல். மெத்தில்ஐசோதயாசோலினோன். பெயிண்டர் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவர். இங்கிலீஷில் எழுத்து தெரியும், சொல் தெரியாது. டப்பாவில் கலர் நம்பர் பார்க்கிற அளவுக்குப் படிப்பு. அந்தச் சொல்லை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில் தாடை பிடித்துக்கொண்டதாம். அதனால் அதற்கு அவர் வைத்த பேர் கூட்ஸ் வண்டி.

"எம் எழுத்து இன்ஜின். கடைசியில ஈ எழுத்து, அது கார்டு பெட்டி. நடுவுல ஒரு இசட் வரும் பாரு, அதுதான் அடையாளம். மொத்தம் இருபத்தொரு பெட்டி. இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், இருபத்தேழு பெட்டி. ரெண்டுல எது வந்தாலும் கேட்டை மூடிடணும்."

அந்த வண்டி முதலில் ஏறியது அவர் மேல்தான். ரெண்டரை வருஷத்துக்கு முன்னால் விரல் இடுக்கெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் வெடித்தது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, தோல் டாக்டர் அவர் முதுகு முழுக்கச் சின்னச் சின்ன ஒட்டுப் போட்டு, ரெண்டு நாள் குளிக்காதே என்று அனுப்பி, பிறகு உரித்துப் பார்த்தார். ஒரு கட்டம் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. "தண்ணி பெயிண்ட் கெட்டுப்போகாம இருக்கறதுக்குப் போடற மருந்து இது. சோப்பு, ஷாம்புலயும் சிலதுல இருக்கும். எல்லாரையும் ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு ஆகாது" என்று சொல்லி, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த சீட்டுதான் அது.

வேலையை விட முடியுமா என்று கேட்டிருக்கிறார் டாக்டர். "விடலாம் சார். மூணு வேளையும் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரலாமா?" என்று பெயிண்டர் கேட்டதும் கையுறையோடு பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து உறை போடாமல் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. ஆனாலும் கை ஆறவில்லை. பழைய சுவர் மாதிரி பாளம் பாளமாக வெடிப்பு. ஊறினது ஊறினதுதான், இந்தக் கை இனி இப்படித்தான் என்று அவரே தீர்ப்பு எழுதி மூடிவிட்டார்.

வீட்டில் மகள், மகளின் பத்து மாதக் குழந்தை, இவர். மாப்பிள்ளை கப்பலில். மகளுக்கு ரெண்டு மாதமாக மறுபடி ரொட்டி பேக்டரியில் மாலை ஷிப்ட். இவர் விடியக்காலையில் போய் ரெண்டு மணிக்கு பிரஷ்ஷைக் கழுவிவிடுவார். ரெண்டே முக்காலுக்கு வாசலில் கைமாற்றம். குழந்தை இங்கே, மகள் பஸ்ஸுக்கு. நின்று பேச நேரமிருக்காது. அதனால் மூன்றாம் மாடி ஏறுவதற்குள் அவர் சுத்தமாகிவிட வேண்டும். முதல் மாடியில் வேலைச் சட்டையைக் கழற்றிப் பையில் திணிப்பார். ரெண்டாம் மாடியில் வேறு சட்டை. அதற்கு மேலே படியில் நின்று, ஈரத்தாள் பாக்கெட்டிலிருந்து ரெண்டு தாள் உருவி, நகக்கண், விரல் இடுக்கு ஒன்று விடாமல் துடைப்பார். தண்ணீர் பட்டால் வெடிப்பு எரிகிறது. ஈரத்தாள் சுகமாக இருக்கிறது, பூ வாசனை வேறு. பெயிண்ட் கையோடு குழந்தையைத் தொடக் கூடாது என்பதில் மனுஷன் அவ்வளவு கறார்.

குழந்தைக்கு அவர் வைத்த பேர் மேஸ்திரி. தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரை அடித்து அடித்து, அதை எடு இதை எடு என்று கையை நீட்டி வேலை வாங்குமாம்.

"மூணு மாசத்துப் பிள்ளைன்னா போட்ட இடத்துல கிடக்கும் தங்கச்சி. இது உக்காந்துக்கிட்டு கப்புல மொண்டு குடிக்குது. பாட்டில் மூடியைக் கடிக்குது. அப்ப இது சோப்பா, சாப்பாடா? சாப்பாட்டைப் பாக்கற மாதிரிதானே பாக்கணும்?"

நியாயமான கேள்வி. மருந்துக்கடைக்காரம்மாவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். எது அதிகமோ அது பட்டியலில் முன்னால் நிற்கும், கொசுறெல்லாம் கடைசியில். கொஞ்சமாகப் போட்டதும் ஒத்துக்காத தோலுக்குக் கொஞ்சமில்லை. வாசனை இல்லாததாக, பட்டியல் குட்டையாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். பெயிண்டர் அதோடு சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டார். "வாசனைன்னு ஒத்தைச் சொல்லுல முடிச்சுட்டான் பாரு. அதுக்குள்ள எத்தனை பேர் குத்தவெச்சிருக்கானோ!" இலைப் படம் போட்டு இயற்கை என்று எழுதியிருந்த பாட்டிலை அப்படியே திருப்பி வைத்தார். "இலை போட்டா நல்லவனா? நானும்தான் பச்சை பெயிண்ட் அடிக்கறேன்."

சிரிப்பெல்லாம் கடையில்தான். வீட்டில் நிலைமை வேறு.

ஒன்றரை மாதமாகக் குழந்தையின் முதுகிலும் கக்கத்தை ஒட்டியும் சிவப்புத் தடிப்பு. அரிக்கிறது, சிணுங்குகிறது, பாதித் தூக்கத்தில் எழுந்துகொள்கிறது. குழந்தை டாக்டர் களிம்பு கொடுத்தார். போட்டால் ரெண்டு நாள் அடங்கும், பிறகு பழைய குருடி. பெயிண்டர் வீட்டிலிருந்த பாட்டிலையெல்லாம் வரிசையாக நிறுத்தி விசாரித்தார். மகளோடு வேலை செய்கிறவர்கள் பரிசாகக் கொடுத்த நுரைத் தண்ணீரில் இருபத்தேழு பெட்டி வண்டி இருந்தது. சாக்கடையில் ஊற்றினார். துணி துவைக்கிற தூளை மாற்றினார். ஒரு வாரம் வெறும் தண்ணீரில் குளிப்பாட்டினார். தடிப்பு போகவில்லை.

திங்கட்கிழமை மகள் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காத. பாப்பாவ பேக்டரி பக்கத்துல இருக்கற காப்பகத்துல விட்டுடலாம்னு பாக்கறேன்."

"ஏன், நான் செத்துட்டேனா?"

"ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருந்தா குறையுது. செவ்வாய்க்கிழமை திரும்ப வந்துடுது. பெயிண்ட் தூசி உன் துணியில வருதோ என்னவோ. உன்னைச் சொல்லலப்பா."

"என்னைச் சொல்லாம எதிர் வீட்டுக்காரனையா சொல்ற?"

காப்பகத்தின் படிவம் மேஜை மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் ரெண்டே முக்கால் மணிக்கு அந்த வாசலில் பெயிண்டருக்கு வேலை இல்லை. பூட்டின வீட்டைத் திறந்து, சும்மா கிடக்கிற நீலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புதன்கிழமை மருந்துக்கடையில் அவர் அத்தனை பாட்டிலைப் புரட்டியது அதனால்தான். கடைசியில் ஒரு பாட்டிலை பாஸ் பண்ணினார். வாசனை கிடையாது, பட்டியலில் ஒன்பதே பேர், வண்டி எதுவும் ஓடவில்லை.

வியாழக்கிழமை அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் குழந்தையைக் குளிப்பாட்டப் போனார். சட்டையைக் கழற்றி, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தொட்டியில் உட்காரவைத்தார். மேஸ்திரி தண்ணீரை அடித்தது. ஜன்னல் வெளிச்சம் முதுகில் சாய்வாக விழுந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஈர பெயிண்டில் கை வைத்தவனைப் பிடிப்பதில் பெயிண்டரை மிஞ்ச ஆளில்லை. தடத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது இடது கை, இது விழப் போனவன் பிடித்தது, இது வேணுமென்றே வைத்தது என்று சொல்லிவிடுவார்.

முதுகின் இந்தப் பக்கம் நாலு பட்டை. அந்தப் பக்கம் நாலு பட்டை. குழந்தையை மெல்லத் திருப்பினார். முன்னால், கக்கத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கத்துக்கு ஒன்று.

பெயிண்டர் தன் ரெண்டு கையையும் குழந்தையின் உடம்பில் படாமல், ஒரு நூல் உயரத்தில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

துண்டில் சுருட்டித் தூக்கினார். கை நேராகப் படாமல். தரையில் உட்காரவைத்துவிட்டு, வேலைப் பையைக் கவிழ்த்தார். தகடு விழுந்தது, கையுறை விழுந்தது, ஈரத்தாள் பாக்கெட் விழுந்தது. பின்பக்கம், ஒட்டுப் போட்ட மடிப்புக்குள் பொடி எழுத்து. எம். நடுவில் இசட். கடைசியில் ஈ. எண்ணினார். பிறகு கார்டு பெட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணினார். பின்னாலிருந்து எண்ணினாலும் இருபத்தொன்றுதான்.

கடைத்தெருவில் இருக்கிற பாட்டிலையெல்லாம் தலைகீழாக நிறுத்திக் கேள்வி கேட்ட ஆள், தன் பைக்குள் கிடந்ததைத் திருப்பிப் பார்க்கவில்லை. அது குழந்தைச் சாமான் இல்லையே.

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடையிடம் போனார். மூடியைத் திறந்தார். உள்ளே போட்டுவிட்டால் கதை முடிந்தது. நாலு நாளில் தடிப்பு மறையும், புதன்கிழமை வாங்கின பாட்டிலுக்கு நல்ல பேர் கிடைக்கும், இன்ஸ்பெக்டருக்கு அதைவிட நல்ல பேர். படிவத்தை மகளே கிழித்துப் போடுவாள். மேஸ்திரி துண்டைச் சப்பிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பாக்கற?" என்றார். மூடியைச் சாத்தினார். பாக்கெட் கையிலேயே இருந்தது. அன்றைக்கு மகள் வேலை முடிந்து வந்தபோது தூங்குகிற மாதிரி படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ரெண்டே முக்கால். மாடிப்படியில் நின்று கையைத் துடைக்கவில்லை. மகள் தோளில் பை, இடுப்பில் குழந்தை, கதவருகே தயாராக நின்றாள். நிரப்பின படிவம் மேஜை மேல் இருந்தது. பெயிண்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், பாக்கெட்டைப் படிவத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் சீட்டை வைத்தார்.

"எண்ணு."

"என்னப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எண்ணுடி."

அவள் நகத்தை ஓட்டிக்கொண்டே போனாள். இசட்டில் நகம் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரோடது இது?"

"என்னோடது. வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி துடைச்சுக்குவேன். பாப்பா வந்தப்புறம், அவளைத் தூக்கணுமேன்னு இன்னும் அழுத்தி."

"எத்தனை நாளா?"

"கையுறை போட ஆரம்பிச்சதுலேருந்து."

"அப்போ உன் கையி ஆறாததும்..."

"அது கிடக்கட்டும். அவ முதுகைப் பாரு. என் விரல் அச்சாட்டம் இருக்கு. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ, ஆனா நான்தாம்மா. வேற யாருமில்ல." படிவத்தைக் கண்ணால் காட்டினார். "காப்பகத்துல விடறதுன்னா விடு. நான் ஒண்ணும் சொல்லல."

குழந்தை வழக்கம்போல இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து ரெண்டு கையையும் அவர் பக்கம் நீட்டியது. பெயிண்டர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேஸ்திரிக்கு இது புரியவில்லை. எட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தியது.

கீழே தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

"போய்க் கழுவிட்டு வா" என்றாள் மகள். "நீ பாஸ் பண்ணினியே, அந்தப் பாப்பா சோப்பைப் போட்டு."

"பஸ்ஸு?"

"போகட்டும்."

பெயிண்டர் குழாயைத் திறந்தார். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, விரல் இடுக்கு விடாமல், ரெண்டு தடவை கழுவினார். எதில் துடைப்பது என்று தெரியாமல், சொட்டச் சொட்டக் கையை முன்னால் ஏந்தியபடி வந்து நின்றார்.

மகள் பையைத் தோளிலிருந்து இறக்கிப் படிவத்தின் மேல் வைத்தாள். கொடியிலிருந்து குழந்தையின் மஞ்சள் துண்டை உருவினாள். அவர் கையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, வெடிப்பு வலிக்காமல், ஒவ்வொரு விரலாக ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.